தெற்கே போன குழாய்

என்னை ஏமாற்றியவர்கள் பலர் உண்டு. வயதான பிறகு அவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. அவர்களில் ஒரு பொய்கூடச் சொல்லாமல் என்னை ஏமாற்றியவர் ஒரே ஒருவர். அவர் ஓவர்சீயர். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் கரமனையில் எங்கள் தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை, நானும் இங்கே எழுதப் போவதில்லை. பெயரை எழுதிவிட்டால் கோபமெல்லாம் அந்தப் பெயரின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். எனக்குக் கோபம் அந்த மனிதர் மேல்தான்.

நாகர்கோவில் பக்கத்துக்காரர். திருவனந்தபுரத்துக்குச் சாக்கடை போடும் வேலை தொடங்கியபோது இங்கே வந்தவர். ஒல்லியான உடம்பு, காக்கி அரைக்கால் சட்டை, கையில் குடை, சட்டைப் பையில் ஒரு மடக்கு அளவுகோல். எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து உடனே பதில் வராது. அளவுகோலை எடுத்து ஒரு மடிப்பைப் பிரிப்பார், மறுபடி மடக்குவார். அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். கேட்ட கேள்விக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு பதில். ஓர் அங்குலம் கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

ஒரு நாள் எங்கள் தெரு முனையில் மூட்டையோடு ஒரு பெரியவர் வந்து, தம்பானூர் பஸ் இங்கே நிற்குமா என்று அவரைக் கேட்டார். நிற்கும் என்றார் ஓவர்சீயர். பெரியவர் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றார். ஓவர்சீயரும் அதே இடத்தில் ஓடையை அளந்துகொண்டு நின்றார். பஸ் முன்னமே போய்விட்டது, அடுத்தது மத்தியானத்துக்கு மேல்தான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பெரியவருக்கு நான் மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, இதை ஒரு வார்த்தை சொல்லப்படாதோ என்று ஓவர்சீயரைக் கேட்டேன்.

"நிக்குமான்னுதானே அம்மா கேட்டாரு. எப்ப வரும்னு கேட்டா சொல்லியிருப்பேன்லா" என்றார்.

நான் சிரித்தேன். இப்படியும் ஒரு மனிதரா என்று என் கணவரிடம் போய்ச் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அப்போது எனக்கு முப்பது வயது இருக்கும். யுத்தம் தொடங்க இன்னும் ஓரிரண்டு வருஷம் இருந்தது. என் கணவருக்கு இழுப்பு நோய். ஆபீஸ் வேலைக்குப் போக முடியாமல் வீட்டோடு வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் வீட்டிலேயே ஒரு மெஸ் ஆரம்பித்தேன். காலேஜ் பையன்களும் குமாஸ்தாக்களுமாகப் பதினெட்டுப் பேர் தங்கிச் சாப்பிட்டார்கள். திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் அவர்களுடைய தகப்பனார்கள் வருவார்கள். அடுக்களை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். நான் ஈரப் புடவையோடு மடியாகச் சமைப்பதைப் பார்த்துத் திருப்தியடைந்து பிள்ளையை விட்டுவிட்டுப் போவார்கள். மாதா மாதம் சதுர்த்தி அன்று தெருக்கோடிப் பிள்ளையாருக்குக் கொழுக்கட்டையும் என் அடுக்களையிலிருந்துதான் போகும். அந்த அடுக்களை சுத்தம் என்ற பேச்சு ஒன்றுதான் எங்களுக்குப் பிழைப்பு. அந்தப் பேச்சு கெட்டால் நோயாளிக் கணவரோடு நான் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அந்த அடுக்களைதான் என் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. விடிந்தது முதல் விறகுப் புகை. கண் எப்போதும் சிவந்து நீர் வடிந்தபடி இருக்கும். ஊசியில் நூல் கோக்க முடியாது. பெரியாஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, இனிமேல் புகையில் நிற்கக்கூடாது என்றார். அடுப்புக்கு முன்னால் நிற்காமல் வேறு எங்கே நிற்பது என்று அவர் சொல்லவில்லை.

இதற்கு நடுவே இன்னொரு தொல்லை. பதினெட்டுப் பேர் குளித்த தண்ணீர், பாத்திரம் தேய்த்த தண்ணீர், சுகாதார இலாகா சொல்லிக் கொல்லைக் கோடியில் கட்டிய கக்கூஸின் தண்ணீர் எல்லாம் ஒரு திறந்த ஓடையில் ஓடிக் கரமனை ஆற்றில் விழுந்தது. கொஞ்சம் கீழே குளிக்கிற படித்துறை. தெருவில் முணுமுணுப்பு எழுந்தது. கிராம சமூகத்தின் காரியதரிசி, தெருவில் கோயில் காரியம் முதல் கல்யாணக் காரியம் வரை எல்லாவற்றையும் தீர்மானிக்கிறவர், நேரில் வந்து எச்சரித்துவிட்டுப் போனார். ஓடையைச் சரிசெய்யாவிட்டால் மெஸ்ஸை மூட வேண்டும் என்று சுகாதார இலாகாவிலிருந்தும் கடிதம் வந்தது. அதைப் பார்வையிடத்தான் ஓவர்சீயர் முதன்முதலாக எங்கள் கொல்லைக்கு வந்தார்.

இந்தத் தண்ணீரை என்னதான் செய்வது என்று கிணற்றங்கரையில் நின்று அவரைக் கேட்டேன். அளவுகோலைப் பிரித்து மடக்கினார்.

"எரிக்கலாம்" என்றார்.

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னார். தண்ணீரைக் காற்றுப் புகாமல் மண்ணுக்கடியில் தொட்டி கட்டி அடைத்துவைத்தால் அதில் இருக்கிற அழுக்கு உள்ளேயே புளித்து ஒரு வாயு கிளம்புமாம். அந்த வாயுவை, கவிழ்த்த இரும்புப் பீப்பாய்க்குள் பிடித்து, குழாய் வழியாக அடுப்புக்குக் கொண்டுவரலாமாம். புகை இருக்காது. தொட்டியிலிருந்து கடைசியில் வெளியே வருகிற தண்ணீரில் நாற்றம் போயிருக்கும், வாழைக்குப் பாய்ச்சலாம். பம்பாயில் வேலை பார்த்தபோது கண்ணால் கண்டதாகச் சொன்னார்.

எந்தத் தண்ணீர் தொட்டிக்குப் போகும் என்று கேட்டேன். கழுநீர் என்றார். எங்கள் வீட்டில் கழுநீர் என்றால் அரிசி களைந்த தண்ணீர், மாட்டுக்கு வைப்பது. எனக்கு நிம்மதியாக இருந்தது. என் கணவர் உள்ளே கட்டிலில் இருந்தபடியே ஜன்னல் வழியாக, கக்கூஸ் குழாய் எங்கே போகிறது என்று கேட்டார். ஆண்பிள்ளை, அந்த அளவுக்காவது அவருக்கு யோசனை போயிற்று.

"அது தெற்கே போவுது" என்றார் ஓவர்சீயர்.

தொட்டி கட்டப் போவது கிழக்கே, மாட்டுக் கொட்டில் பக்கம். தெற்கே போகிற குழாய்க்கும் கிழக்கே இருக்கிற தொட்டிக்கும் என்ன சம்பந்தம்? சரி என்றோம். குழாய் பதித்த வாரத்தில் நாங்கள் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போயிருந்தோம். திரும்பி வந்தபோது தெற்கு மதில் ஓரமாக மண் மூடி வாழைக்கன்று நட்டிருந்தது. தொட்டி புளிக்கத் தொடங்குவதற்காக முதலில் இரண்டு கூடை சாணத்தைக் கரைத்து ஊற்றச் சொன்னார். நானே கரைத்து ஊற்றினேன். சாணம் விழுந்ததும் தொட்டியும் சுத்தமாகிவிட்டதாக எனக்கு ஓர் எண்ணம். வீடு மெழுகுகிற கை அப்படித்தான் நினைக்கும்.

ஓவர்சீயரை நாங்கள் அடுக்களைக்குள் விடவில்லை. அவர் என்ன சாதி என்று நான் கேட்டதில்லை. எங்கள் சாதி இல்லை என்பதே போதுமானதாக இருந்தது. இதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, அப்போது இல்லை. அடுப்புக்கு வரும் குழாய்க்காக அடுக்களைச் சுவரில் ஒரு துவாரம் போட்டார்கள். குழாயைவிடத் துவாரம் சற்றுப் பெரிதாகிவிட்டது. அந்தத் துவாரத்தின் வழியாகத்தான் இரண்டு வருஷம் நாங்கள் பேசிக்கொண்டோம். அவர் வெளியே கொல்லையில், நான் உள்ளே அடுப்படியில்.

முதல் நாள் நான் தீக்குச்சியைக் கிழித்துக் காட்டியதும் அடுப்பு வளையத்தில் குபுக்கென்று பற்றியது. பயந்து பின்வாங்கினேன்.

"நீலமா, மஞ்சளா?" என்று துவாரத்திலிருந்து குரல் வந்தது.

மஞ்சள் என்றேன். வெளியே எதையோ திருகினார். மறுபடி அதே கேள்வி. இந்தத் தடவை தீ நீலமாக, சத்தமில்லாமல், வளையத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன இதழாக நின்றது. நீலம் என்றேன். அளவுகோலை அவர் தொடையில் தட்டிக்கொண்டது எனக்குக் கேட்டது. அது அவருக்குச் சந்தோஷம் வந்தால் செய்வது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

சாதப் பானைக்கு அந்தத் தீ போதாது. காலையில் ஒரு மணி நேரம் விறகு எரித்துச் சாதத்தை வடித்துவிட்டு, மற்றபடி பால், காப்பி, குழம்பு, தாளிப்பு எல்லாம் வாயுவில்தான். மூன்று மாதத்தில் என் கண்ணில் நீர் வடிவது நின்றது. கணவருக்கு இழுப்பு குறைந்தது. நான் ஊசியில் நூல் கோத்து அவர் சட்டைக்குப் பித்தான் தைத்தேன். ஓடை நாற்றமும் போயிற்று. காரியதரிசியே கொல்லைக்கு வந்து, தொட்டியிலிருந்து வருகிற தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்துப் பார்த்துவிட்டு, கெட்டிக்காரனாக்கும் அந்த ஆள் என்று மெச்சினார். தெருவில் அதற்குக் கழுநீர்த் தொட்டி என்று பெயர் நிலைத்துவிட்டது.

சனிக்கிழமைதோறும் ஓவர்சீயர் வந்து பீப்பாய் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அளப்பார். வாயு சேர்ந்தால் பீப்பாய் மேலே எழும்பும், செலவானால் கீழே இறங்கும். பிறகு துவாரத்தருகே வந்து, நீலமா மஞ்சளா என்பார். அவருக்கென்று கிணற்றங்கரை மாடத்தில் ஒரு பித்தளைத் தம்ளர் தனியாக இருந்தது. அதில் காப்பியை ஊற்றி வைத்துவிட்டு நான் நகர்ந்துவிடுவேன். அவர் குடித்துவிட்டுத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்.

நடுவில் ஒரு கல்யாண விஷயம் நடந்தது. என் நாத்தனார் மகளுக்கு நாகர்கோவிலில் ஒரு வரன் வந்தது. ஓவர்சீயர் வீட்டுக்கு அடுத்த தெருப் பையன். துவாரத்தின் வழியாக விசாரித்தேன். குடி உண்டா? இல்லை. சீட்டாட்டம்? இல்லை. வேறு பெண் தொடர்பு? இல்லை. படிப்பு? உண்டு. அவர் சொன்னால் அது கல்லில் வெட்டியதுதான் என்று நாத்தனாரிடம் நானே அடித்துச் சொன்னேன். கல்யாணம் ஆகி எட்டு மாதத்தில் மாப்பிள்ளை சந்நியாசம் வாங்கப்போவதாக எழுதிவைத்துவிட்டுக் காசிக்கு ரயிலேறிவிட்டான். அதற்கு முன்பும் இரண்டு தரம் வீட்டைவிட்டு ஓடிப் பிடித்து வரப்பட்டவன் என்பது அப்புறம் தெரிந்தது. ஓவர்சீயருக்கு அது முன்னமே தெரியும். அவருடைய பதில் என்னவாக இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டைவிட்டு ஓடுவானா என்று எந்த ஊரில் யார் கேட்பார்கள்? நாத்தனார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அப்போதும் நான் ஓவர்சீயரை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லையே என்று வாதாடினேன். என் புத்தி அப்படி இருந்தது.

அடுத்த கோடை விடுமுறைக்குப் பையன்கள் ஊருக்குப் போனார்கள். முந்தின வருஷம்போல இல்லாமல் குமாஸ்தாக்களும் லீவு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கை சும்மா இருக்க வேண்டாம் என்று நான் தெருவில் இரண்டு கல்யாணங்களுக்குப் பட்சணமும் வடாமும் போட ஒப்புக்கொண்டேன். அண்டா அண்டாவாக அரிசி களைந்தேன், உளுந்து கழுவினேன். ஒரு நாளும் ஓடாத அளவுக்குக் கழுநீர் தொட்டிக்கு ஓடியது. பீப்பாய் தலைக்கு மேலே எழும்பும் என்று எதிர்பார்த்தேன். அதுவோ நாளுக்கு நாள் இறங்கியது. தீ மஞ்சளாகி, துடித்து, ஒரு நாள் அணைந்தே போயிற்று. ஓவர்சீயர் அந்த மாதம் சொந்த ஊரில் இருந்தார்.

ஜூன் மாதம் இடவப்பாதி மழையோடு காலேஜ் திறந்தது. பதினெட்டுப் பேரும் திரும்பி வந்தார்கள். பட்சண வேலை முடிந்து அடுக்களைத் தண்ணீர் பாதியாகக் குறைந்திருந்தது. இரண்டே வாரத்தில் பீப்பாய் பழையபடி எழும்பி நின்றது.

மழை சொட்டச் சொட்டக் கொல்லையில் நின்று அந்தப் பீப்பாயைப் பார்த்தேன். அரிசித் தண்ணீர் போனபோது இறங்கியது. ஆட்கள் வந்தபோது ஏறியது. எனக்குக் கணக்குப் பாடம் வராது, ஆனாலும் அது புரிந்தது. வரப்போகும் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

அவர் வந்தார். வழக்கம்போல, நீலமா மஞ்சளா என்றார். நான் துவாரத்தருகே போனேன்.

"ஓவர்சீயரே, கக்கூஸ் குழாய் தெற்கே போறதுன்னு சொன்னேளே. தெற்கே போயிட்டு எங்கேயாக்கும் போறது?"

அளவுகோல் பிரிந்து மடங்குகிற சத்தம் கேட்டது.

"மதில்கிட்ட திரும்பி, கிழக்க தொட்டிக்கு வருது அம்மா."

"கழுநீர்னு சொன்னேள்."

"கழுவுன தண்ணி எல்லாம் கழுநீர்தானே. அங்கயும் யாரும் கழுவாம வாறதில்லையே."

அதில் கேலி இல்லை. ஒரு சொல்லுக்கு என்ன பொருளோ அதைச் சொன்னார், அவ்வளவுதான். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"நீங்க கேக்கல்லியே" என்றார்.

என் முன்னால் அந்தத் தீயில் பையன்களுக்கான பால் காய்ந்துகொண்டிருந்தது. நீலமாக, அழகாக, ஒரு குற்றமும் அறியாததுபோல எரிந்தது. இந்த மனிதரை நம்பியதுபோல நான் கூடப்பிறந்தவனைக்கூட நம்பியதில்லை. அவர் வாயிலிருந்து வந்ததை எல்லாம் நான் சத்தியம் என்று எடுத்துக்கொண்டேன். சத்தியமாகவும் இருந்தது, அதுதான் கொடுமை. பொய் சொல்லியிருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். பிறகு ஒரு நினைப்பு வந்தது. இரண்டு வருஷம் கிணற்றங்கரையில் நின்று தனித் தம்ளரில் காப்பி குடித்தவர். உள்ளே விடாத அடுக்களைக்குள் இவர் எதை அனுப்பியிருக்கிறார்!

"இதை எங்க அடுக்களைக்குள்ளே கொண்டு வந்ததிலே உங்களுக்குச் சந்தோஷமா?" என்று கேட்டேன்.

அளவுகோல் இரண்டு தரம் பிரிந்து மடங்கியது.

"அம்மைக்குக் கண்ணு சொகமானதுல சந்தோஷம் உண்டு."

வேறு எதிலாவது உண்டா என்பதுதான் அடுத்த கேள்வி. அதை நான் கேட்கவில்லை. அவர் போய்விட்டார். பால் பொங்கி வந்தது. இறக்கி வைத்தேன்.

அந்தப் பாலை நான் கொட்டவில்லை. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பையன்களுக்குக் காப்பி கலந்து கொடுத்தேன். கணவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர், மழை விடட்டும், விறகெல்லாம் ஈரமா இருக்கே என்றார். இழுப்பு இல்லாமல் அந்த மனிதர் தூங்கி எழுந்தது அந்த இரண்டு வருஷத்தில்தான். நானும் மழை விடட்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே ஓடிற்று. நடுவில் வந்த சதுர்த்திக்குப் பிள்ளையார் கொழுக்கட்டையை மட்டும் ஈர விறகை ஊதி ஊதி, கண்ணெரிய வேகவைத்தேன். பிள்ளையாருக்கு விறகு, பதினெட்டுப் பிள்ளைகளுக்கு வாயு. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று இனி யாரும் சொல்லிவிட முடியாது.

ஓவர்சீயர் அந்தச் சமயத்தில் வேறு ஒரு ஆசையில் இருந்தார். நகரத்துச் சாக்கடை முழுவதும் போய்ச் சேருமிடத்தில் இதேபோலப் பெரிய தொட்டிகள் கட்ட வேண்டும், அந்த வாயுவில் தெருவிளக்குகள் எரிய வேண்டும் என்று வருஷக்கணக்காகப் படம் வரைந்து வைத்திருந்தார். அதற்குச் சாட்சியாகக் காட்ட அவரிடம் இருந்தது என் வீட்டுக் கொல்லை ஒன்றுதான். ஒரு நாள் மழை விட்டிருந்த காலையில் அவருடைய பெரிய இன்ஜினியரை அழைத்து வந்துவிட்டார். பெரிய அதிகாரி வருகிறார் என்றதும் காரியதரிசி சரிகை வேஷ்டியோடு வந்து முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் தெருவே நின்றது. நான் அடுக்களைக்குள் துவாரத்தருகே நின்றேன்.

இன்ஜினியர் மலையாளக்காரர். பீப்பாயைத் தட்டிப் பார்த்தார். தண்ணீரை முகர்ந்து பார்த்தார். பிறகு, இதில் முக்கியமாக என்ன வருகிறது என்று மலையாளத்தில் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"இதில் பிரதானமாயிட்டு எந்தா வருன்னது?"

ஆபீசில் சொல்கிறேன் சார் என்று சொல்லியிருக்கலாம். இங்கிலீஷில் சொல்லியிருக்கலாம். சுற்றிலும் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்திருக்கலாம். அளவுகோல் பிரிந்து மடங்கியது.

"கக்கூஸ் வெள்ளம், சார். அடுக்களை வெள்ளம் கொறச்சே உள்ளூ."

வெள்ளம் என்றால் மலையாளத்தில் தண்ணீர்; அடுக்களைத் தண்ணீர் கொஞ்சம்தான் என்று அர்த்தம். இன்ஜினியருக்கு ரொம்ப சந்தோஷம். நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அவருக்குப் பின்னால் காரியதரிசி அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அதுவரை அங்கே எந்த நாற்றமும் இல்லை, அப்போதும் இல்லை.

மறுநாள் காலை பஜனை மடத்தில் சமூகம் கூடிற்று. மறுபடி மழை பிடித்துக்கொண்டது. ஓவர்சீயரையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவரை மடத்துக்குள் விடாததால் முற்றத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் கணவரும் தூணோரம் நின்றோம். அடுக்களையை விலக்கிவைக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். பிள்ளைகளின் தகப்பனார்களுக்குக் கடிதம் போட வேண்டும் என்றார் இன்னொருவர். பிள்ளையாரையே அசுத்தப்படுத்திவிட்டார்கள் என்று ஒரு குரல். என் கணவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. காரியதரிசி கையமர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ பயப்படாம சொல்லு அம்மா. அந்த ஆள் உங்கிட்ட என்னன்னாக்கும் சொன்னான்?"

உனக்குத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. எப்போது தெரிந்தது என்று கேட்கவில்லை. என்ன சொன்னான் என்றுதான் கேட்டார்.

நான் ஒரு விநாடி யோசித்தேன். கையில் அளவுகோல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"தொட்டிக்குப் போறது கழுநீர்னு சொன்னார். கக்கூஸ் குழாய் தெற்கே போறதுன்னு சொன்னார்" என்றேன்.

இரண்டும் உண்மை. ஓர் அங்குலம் கூடவில்லை. கூடியிருந்தவர்களிடமிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. ஐயோ பாவம், ஒரு பெண்பிள்ளையை இப்படி ஏமாற்றியிருக்கிறானே என்று யாரோ சொன்னார்கள். என் கணவர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாருடைய முகமும் முற்றத்துப் பக்கம் திரும்பியது.

ஓவர்சீயர் அளவுகோலை எடுத்து ஒரு மடிப்பைப் பிரித்தார். கேள்விக்காகக் காத்துக்கொண்டு நின்றார். இந்த அம்மாளுக்கு இது தெரியுமா என்று ஒருவர், ஒரே ஒருவர் கேட்டிருந்தால் போதும், அவர் சொல்லியிருப்பார். எந்தச் சனிக்கிழமை, என்ன வார்த்தை, எல்லாவற்றையும் அளந்து சொல்லியிருப்பார். என் அடுக்களையும் என் கணவரின் கஞ்சியும் அந்தப் பிரித்த அளவுகோலின் நுனியில் இருந்தன. யாரும் கேட்கவில்லை. அவரிடம் கேட்க என்ன இருக்கிறது என்று எல்லாரும் தீர்மானித்துவிட்டிருந்தார்கள். சர்க்காருக்கு மனு எழுதப்பட்டது. முதல் கையெழுத்து என்னுடையது. அவர் அளவுகோலை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கி நடந்தார்.

ஒரு மாதத்துக்குள் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எழுதிக்கொண்டு போன இன்ஜினியர் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டதாகக் கேள்வி. தெருவிளக்குப் படம் என்னவாயிற்று என்று தெரியாது. என் அடுக்களைக்குப் புண்யாஹவாசனம் நடந்தது. மூன்று பையன்கள்தான் விட்டுப்போனார்கள், மெஸ் பிழைத்தது. தொட்டியை மணல் போட்டு மூடினார்கள். கக்கூஸ் குழாயை மறுபடி ஓடைக்குத் திருப்பினார்கள். அது பழையபடி ஆற்றில் விழுந்தது. தீட்டுக் கழிய அன்று சமூகத்தார் எல்லாரும் போய் முழுகியதும் அந்த ஆற்றில்தான்.

பீப்பாயும் குழாயும் ஓவர்சீயருடையவை. ஊருக்குத் திரும்புகிறதற்கு முன் ஒரு சனிக்கிழமை சாலைக் கடைத்தெருவிலிருந்து ஒரு வண்டியைக் கூட்டிக்கொண்டு எடுத்துப்போக வந்தார். நான் உள்ளே விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். மாடத்துத் தம்ளரில் அன்று நான் காப்பி வைக்கவில்லை. சுவரிலிருந்து குழாயை அவர் உருவியதும் துவாரம் வெறுமையாகி வெளிச்சம் வந்தது. அதன் வழியாக ஒரு காக்கிச் சட்டைப் பையும் அதில் அளவுகோலும் தெரிந்தன. அவர் உடனே போகவில்லை. அங்கேயே நின்றார்.

எனக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. அன்றைக்கு மடத்தில் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? யாரும் கேக்கல்லியே என்பது அவருடைய பதிலானால் அவர் அதே மனிதர்தான், என்னை ஏமாற்றியவர்தான், நான் காலமெல்லாம் அவர் மேல் நிம்மதியாகக் கோபித்துக்கொண்டிருக்கலாம். பதில் வேறாக இருந்துவிட்டால்? அதற்குமேல் என்னால் யோசிக்க முடியவில்லை. புகை கண்ணைக் கரித்தது. அவர் அளவுகோலை எடுத்தார், ஒரு மடிப்பைப் பிரித்தார், மடக்கினார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலமே களிமண்ணைக் குழைத்து அந்தத் துவாரத்தை அடைத்தேன். இப்போது வலது கண் சுத்தமாகத் தெரிவதில்லை, இடது கண்ணில் பாதிதான். இத்தனை வருஷமாக என்னை ஏமாற்றியவர் என்று அவரைச் சொல்லிக்கொண்டு வருகிறேன், இந்தக் கட்டுரையையும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அந்தச் சனிக்கிழமை நான் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். அது தெரிந்துதான் நான் கேட்கவில்லை.